பெடியனை விளக்கமறியலில் வைத்துவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்?

போன மாரியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்கா வந்து படலையைத் தட்டினார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மகனின் சேட்டும் சாரமும் ஒரு துவாயும். "தம்பி, அவனைப் பிடிச்சிட்டாங்கள், இனி எத்தனை வருசம் வைச்சிருப்பாங்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். மகனுக்கு 17 வயது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் கூலிக்கு மணல் அள்ளிப் போடப் போனவன். மறித்த இடத்தில் யாரோ கல்லெறிந்ததாகவும், சாரதி இருட்டுக்குள் ஓடிவிட்டதாகவும், இவன் மட்டும் அகப்பட்டதாகவும் சொன்னார்கள். கடமைக்கு இடையூறு என்று இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்துவிட்டது.

"எத்தனை வருசம்" என்ற அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பிடித்தார்கள் என்றதும் தண்டனை வந்துவிட்டது என்று அந்தத் தாய் முடிவுகட்டிவிட்டார். அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் பலருடைய கணக்கு இதுதான். நான் சட்டத்தரணி இல்லை, ஊர்ச் சங்கத்தில் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போய் வருகிறவன். போய்வந்து தெரிந்துகொண்டதை முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தச் சொல். விளக்கமறியல் என்றால், வழக்கு விளங்கி முடியும்வரை, அல்லது பிணை கிடைக்கும்வரை, நீதவானின் உத்தரவின்பேரில் ஒருவரைக் காவலில் வைத்திருப்பது. ஊரில் "ரிமாண்ட்" என்பதும் இதைத்தான். அந்த ஆள் குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, குற்றவாளி என்று எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்றே ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது. அதனால்தான் காகிதங்களில் "சந்தேகநபர்" என்று எழுதுகிறார்கள். இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இப்படித் தீர்ப்பு வராதவர்கள்தான் என்று சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை, ஆனால் அதுதான் நிலைமை.

வன்னியில் இதோடு இன்னொரு சொல் வந்து கலந்துவிடுகிறது, "தடுப்பு". எங்களுக்குத் தடுப்பு என்றால், போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று ஆட்களை முகாம்களில் வைத்ததுதான். "அவர் தடுப்பில இருந்து வந்தவர்" என்றால் எந்த முகாம், எத்தனை மாதம் என்று கேட்காமலே விளங்கிவிடும். அப்போது சரணடைந்தவர்களில் 594 பேர் சிறுவர்கள், அம்பேபுஸ்ஸ போன்ற இடங்களில் புனர்வாழ்வு என்ற பெயரில் வைக்கப்பட்டு, பிறகு வீடு வந்தவர்கள். அந்தத் தடுப்பில் பெரும்பாலானோருக்கு வழக்கும் இல்லை, தவணையும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அமைச்சர் ஒப்பமிட்டு வைக்கும் தடுப்புக் கட்டளையும் வேறொரு விஷயம், 2022 திருத்தத்துக்குப் பிறகு அதன் உச்சக் காலம் 12 மாதம். விளக்கமறியல் இந்த இரண்டிலும் சேராது. இங்கே ஒரு நீதவான் இருக்கிறார், ஒரு வழக்கு இலக்கம் இருக்கிறது, அடுத்த தவணைக்கு ஒரு திகதி இருக்கிறது. அந்த அக்காவுக்கு அன்றிரவு நான் சொன்ன முதல் ஆறுதலும் இதுதான்: பிள்ளை எங்கே என்று தெரியாத காலம் இல்லை இது, அக்கா, நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் கண்ணால் காண்பீர்கள்.

சரி, பிடித்த பிறகு என்ன நடக்கும்? பிணையில் விடக்கூடிய சிறிய குற்றம் என்றால் பொலிஸ் நிலையத்திலேயே பிணை கொடுத்து விடலாம். அப்படி விடாவிட்டால், பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் மட்டும், நீதவானின் உத்தரவை எடுத்து ஏழு நாள்வரை பொலிஸ் தன்னிடமே வைத்து விசாரிக்கலாம். நீதவான் முன் போகும்போது பொலிஸார் என்ன நடந்தது என்று ஒரு அறிக்கை கொடுப்பார்கள், அதைத்தான் "பி அறிக்கை" என்கிறார்கள். அதன் இலக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பிறகு சட்டத்தரணியிடம் போனாலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். நீதவான் அறிக்கையைப் பார்த்து, இரண்டு தரப்பையும் கேட்டு, ஒன்றில் பிணை கொடுப்பார், அல்லது வழக்கமாக 14 நாளுக்கு உட்பட்ட ஒரு திகதிவரை விளக்கமறியலில் வைப்பார். அந்தத் திகதி வந்ததும் திரும்பவும் பார்ப்பார். ஆகவே "14 நாள்" என்று கேள்விப்பட்டால் அது தண்டனைக் காலம் இல்லை, திரும்பப் பார்க்கும் நாள். அது நீளவும் கூடும், அன்றைக்கே முடியவும் கூடும்.

பிணை பற்றி 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்திருக்கிறது. பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. மறுப்பதற்குக் காரணம் வேண்டும்: ஆள் தவணைக்கு வராமல் போய்விடுவார், சாட்சிகளை வெருட்டுவார் அல்லது சாட்சியத்தைக் கெடுப்பார், வெளியே போய் இன்னொரு குற்றம் செய்வார், அல்லது விட்டால் ஊரில் பெரிய கொந்தளிப்பு வரும். இதே சட்டம், தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றும் சொல்கிறது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மூன்று மூன்று மாதமாக இன்னும் 12 மாதம்வரை நீட்டலாம்.

ஆனால் எல்லா வழக்கும் இந்தச் சட்டத்துக்குள் அடங்காது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய குற்றம் என்றால் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போதைப்பொருள் வைத்திருந்தது, விற்றது போன்ற வழக்குகளிலும் பல நேரம் அப்படித்தான், அதோடு பிடித்த தூள் என்ன, எவ்வளவு என்ற இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை கொழும்புப் பக்கம் இருந்து வந்து சேரும்வரை மாதக்கணக்கில் வழக்கு நிற்கும். அரச சொத்து விஷயமும் இருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தின்படி, இழப்பு 25,000 ரூபாய்க்கு மேல் என்று ஒரு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சான்று கொடுத்துவிட்டால், விதிவிலக்கான காரணம் காட்டாமல் பிணை கிடையாது. செப்புக் கம்பிக்காக ஒரு துண்டுக் கேபிளை வெட்டின பெடியன் இதற்குள் மாட்டலாம். இன்றைய விலையில் 25,000 ரூபாய் எவ்வளவு சின்னத் தொகை என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தொகையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வயது. இளம் ஆட்களின் வழக்கில் எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான்.

2018 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். அதன்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. முன்பு அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குச் செய்வது விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்த்து முடிவெடுப்பார். அதற்கு மேல், 1939 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பழைய சட்டம்தான், ஆனால் அதன் மனம் நல்லது. சிறுவரைப் பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வளர்ந்த சந்தேகநபர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. கொலை போன்ற பாரதூரமான குற்றம் இல்லையென்றால், நிலையப் பொறுப்பதிகாரியே பெற்றோரின் பொறுப்பில் விடுவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விட முடியாவிட்டால் சிறைக்கு இல்லாமல் சிறுவர்களுக்கான தடுப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கைச் சாதாரண வழக்குகளோடு கலக்காமல் வேறு அறையிலோ வேறு நேரத்திலோ எடுக்க வேண்டும். தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத வன்னி போன்ற இடங்களில் நீதவான் நீதிமன்றமே அந்த வேலையைச் செய்யும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் விசாரித்து, பிள்ளையைப் பற்றி அறிக்கை கொடுப்பார். அவர் வீட்டுக்கு வரும்போது சிலர் பொலிஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்த அறிக்கைதான் பல நேரம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயமும் இதையேதான் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஒருவரைக் காவலில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகச் செய்யும் காரியமாக இருக்க வேண்டும், மிகக் குறுகிய காலத்துக்கே இருக்க வேண்டும்.

இதெல்லாம் கிடைக்க வேண்டுமென்றால் பிள்ளையின் வயது என்ன என்று காட்ட வேண்டும். இங்கேதான் வன்னிக்கென்று ஒரு சிக்கல். இப்போது 16, 17, 18 வயதில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று கணக்குப் பாருங்கள். அந்த அக்காவின் மகன் 2008 கடைசியில், கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் பிறந்தவன். பிறப்புப் பதிவு நடந்தது பிறகு, செட்டிகுளத்தில் முகாமில் இருக்கும்போது. சில பிள்ளைகளுக்கு ஆண்டு மாறி விழுந்திருக்கிறது, சிலருக்குப் பெயர் பிழை, சிலரின் பத்திரம் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்ததில் தொலைந்தே போனது. பிடிபட்ட பெடியனிடம் வயது கேட்டால் பயத்தில் எதையாவது சொல்கிறான், கேட்பவரும் ஆளின் உயரத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார். இவனுக்கு 19 என்று எழுதப்பட்டிருந்தது. அன்றிரவு நாங்கள் செய்த ஒரே உருப்படியான வேலை, அக்கா வீட்டு ரங்குப்பெட்டியை நடு அறையில் கவிழ்த்து, குடும்ப அட்டை, சமுர்த்திக் கொப்பி, யாருடையதோ மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்ததுதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும்போது நாலு மணி இருக்கும். நாலாக மடித்து, மடிப்பு வழியே கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப்போட்டிருந்தது. மூன்றாம் மடிப்பில் பிறந்த திகதி தெளிவாக இருந்தது.

பத்திரம் இல்லை என்றால் கையை விரிக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் பிரதி எடுக்கலாம், அதற்கு நாள் எடுத்தால் பாடசாலையின் சேர்வு இடாப்புப் பிரதி, தடுப்பூசி போட்ட கிளினிக் அட்டை போன்றவற்றைச் சட்டத்தரணியிடம் கொடுத்து நீதவானுக்குக் காட்டச் சொல்லலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 இல் இருந்து வசதி குறைந்தவர்களுக்காக வழக்குப் பேசுகிற அரச நிறுவனம். சிறுவர் விஷயம் என்றால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும், அடித்தார்கள், ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை போன்ற முறைப்பாடு என்றால் 1996 என்ற இலக்கத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் சட்டத்தரணி பத்திரத்தை நீட்டினார். நீதவான் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வயதைத் திருத்தும்படியும், பெரியவர்களோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்றும், நன்னடத்தை அறிக்கை வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் கல்லெறிந்த விஷயத்தில் விசாரணை முடியவில்லை, ஓடினவரைத் தேடுகிறோம் என்று பொலிஸார் ஆட்சேபித்ததால் அன்று பிணை கிடைக்கவில்லை. அக்கா மர வாங்கில் அப்படியே இருந்துவிட்டார்.

இரண்டாம் தவணையில் பிணை கிடைத்தது, தலா ஒரு லட்சம் ரூபாய் பெறுமதியான இரண்டு சரீரப் பிணை. வெளியே வந்ததும் அக்கா காதிலிருந்த தோட்டைக் கழற்றத் தொடங்கினார், அடைவு வைத்துக் காசு கட்டவாம். இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் வீணாகக் கடன்படுகின்றன, கவனமாக வாசியுங்கள். காசுப் பிணை என்றால் காசு கட்ட வேண்டும். சரீரப் பிணைக்கு அன்றைக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. "இவர் தவணைக்கு வருவார், வராவிட்டால் நான் ஒரு லட்சம் கட்டுவேன்" என்று ஒருவர் நீதிமன்றத்தில் கையெழுத்து வைக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் அடையாள அட்டையும், அவர் இந்த இடத்தில் வசிக்கிறார் என்று கிராம சேவையாளர் தந்து பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய கடிதமும் கேட்பார்கள். சில வேளை வருமானத்துக்கு அத்தாட்சியும் கேட்பார்கள்.

ஆனால் அந்தக் கையெழுத்து வைக்க ஆள் வேண்டுமே. தகப்பன் இல்லாத வீடு, அண்ணன்மார் இல்லாத வீடு வன்னியில் எத்தனை. அக்காவின் தம்பி ஒருவர் வந்தார். இரண்டாவது ஆளாக நான் நின்றேன், என்னுடைய கிராம சேவையாளர் கடிதம் பழையது, புதிது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு போய், திங்கள் போயா விடுமுறையும் போய், செவ்வாய் கடிதம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் பெடியன் வெளியே வந்தான். பிணை கிடைத்த பிறகும் நாலு நாள் உள்ளே இருந்தான், அதற்குக் காரணம் என் கையிலிருந்த ஒரு காகிதத்தின் திகதி. அந்த நாலு நாளும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் பெடியன்களைக் குற்றத்தின் பாரத்தைவிடக் காகிதமும் பிணையாளியும் இல்லாததுதான் கூட நாள் உள்ளே வைத்திருக்கிறது என்று நான் இப்போது யாரைக் கண்டாலும் சொல்வது இந்த அனுபவத்தால்தான். ஊரில் ஒவ்வொரு சங்கமும் பிணை நிற்கக்கூடிய நாலைந்து பேரை அறிந்து வைத்திருக்கலாம், முதல் தவணைக்குப் போகும்போதே இரண்டு பேர் புதுக் கடிதத்தோடு போகலாம்.

தூரமும் இருக்கிறது. முல்லைத்தீவில் பிடிபட்டாலும் மன்னாரில் பிடிபட்டாலும் விளக்கமறியல் என்றால் பெரும்பாலும் வவுனியாச் சிறைதான், கிளிநொச்சிப் பக்கம் என்றால் யாழ்ப்பாணம். சிறுவர் என்று ஏற்றுக்கொண்டால் அச்சுவேலியில் உள்ள சான்று பெற்ற பாடசாலைக்கும், அதாவது நீதிமன்றம் அனுப்பும் சிறுவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்கும், அனுப்புவார்கள். ஒட்டுசுட்டானில் இருக்கும் ஒரு தாய் மாங்குளம் வந்து, அங்கே நின்று ஏ9 பஸ் பிடித்து, வரிசையில் நின்று, சில நிமிடம் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும், பஸ் காசும் போய்விடும். அதனால் இரண்டாம் கிழமை போவதில்லை. பெடியன் தன்னை வீட்டில் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கத் தொடங்குகிறான். விளக்கமறியலில் இருப்பவர் சொந்த உடுப்பு உடுக்கலாம், சட்டத்தரணியைச் சந்திக்கலாம். பரீட்சை வருகிறது என்றால் நீதவானிடம் முன்கூட்டியே சொல்லி ஒழுங்கு கேட்கலாம், காவலில் இருந்துகொண்டே பொதுப் பரீட்சை எழுதியவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

இந்தக் களைப்பில்தான் ஒரு பிழையான முடிவு வரும். "குற்றத்தை ஒத்துக்கொள்ளு, தண்டத்தைக் கட்டிப்போட்டு வீட்டை போவம்." பெற்றோரே சொல்வார்கள், பக்கத்தில் நிற்கும் பழைய கைதியும் சொல்வான். செய்தது உண்மை, சட்டத்தரணியும் அதுதான் நல்லது என்கிறார் என்றால் அது வேறு. செய்யாததை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒத்துக்கொண்டால், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று எடுக்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் சாட்சியமாகச் செல்லாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது, ஆகவே "நிலையத்தில் ஒத்துக்கொண்டுவிட்டான், இனி எல்லாம் முடிந்தது" என்று நினைத்து மனம் விடத் தேவையில்லை.

இன்னொன்று, இது ஊராருக்கு. இவன் பிடிபட்ட அடுத்த நாள் காலையே அவனுடைய படம் முகநூலில் "மணல் கொள்ளையர்" என்ற தலைப்போடு சுற்றியது. பகிர்ந்தவர்களில் அவனுக்குப் படிப்பித்தவர்களும் இருந்தார்கள். சிறுவர் நீதிமன்ற வழக்கில் பிள்ளையை அடையாளம் காட்டி எழுதுவதைச் சட்டம் தடுப்பது, அந்தப் பிள்ளை திரும்பி வந்து இதே ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகத்தான். நீதவான் இன்னும் சொல்லாத தீர்ப்பை நாங்கள் எழுதிவிட்டால் அதை அழிக்க எந்த நீதிமன்றத்துக்கு அவன் போவான்?

பிணையில் வந்தவருக்கு நிபந்தனை இருக்கும். கிழமைக்கு ஒரு நாள் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து, சாட்சிகளோடு கதைக்கக்கூடாது, சில வழக்கில் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு தவணையைத் தவறவிட்டாலும் பிடியாணை வரும், பிணை போகும், பிணையாளியும் பதில் சொல்ல வேண்டும். தவணைத் திகதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள், காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழோடு சட்டத்தரணிக்கு அன்று காலையே சொல்லுங்கள்.

அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. ஓடின சாரதி பிறகு அகப்பட்டார், விசாரணை போகிறது. இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, அங்கிருந்தே ரியூசனுக்குப் போகிறான். அந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அக்கா கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார்.